அச்சில் மலரும் இயற்கை

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓவியம் என்றதும் தூரிகையும் வண்ணமும் நம் நினைவுக்கு வருகின்றன. உளியால் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் ஓவியமும் உண்டு. அதனைப் பதிப்போவியம் என்பர். ஒரே ஓவியம் பல படிகளாகப் பெருகிப் பலருடைய இல்லங்களைச் சென்றடைவது அதன் தனிச்சிறப்பாகும். பதிப்போவிய வகைகளுள் எளியதான லினோலிய அச்சோவியத்தையும், அதன் வழியாக இயற்கையைப் பதிவு செய்த கலைஞர் இருவரையும், அவர்தம் வழியில் நம் ஊரின் இயற்கையைக் காணும் முறையையும் விளக்குகிறது இப்பாடம்.

பசுமலையிலிருந்து ஒரு பார்வை

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில், நகரின் தென்மேற்கே அமைந்துள்ளது பசுமலை. அதன்மேல் நின்று நோக்கினால் தெற்கே திருப்பரங்குன்றமும் மேற்கே நாகமலைத் தொடரும் தெரியும். இடைப்பட்ட சமவெளியில் கண்மாய்களும் பனைகளும் வயல்களும், அவற்றை நெருங்கிவரும் வீடுகளும் விரிந்து கிடக்கும். மழைக்காலத்தில் பசுமை போர்த்தும் அம்மலை, கோடையில் பாறையின் நிறத்தைக் காட்டும்.

பசுமலைக்கு அச்சுக்கலையோடும் தொடர்பு உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 19ஆம் நூற்றாண்டில் இங்குக் கல்விக்கூடங்களை நிறுவினர். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் தொடக்கக்கால வரலாறும் பசுமலையோடு இணைந்ததே. அவர்களுடைய லெனாக்ஸ் அச்சகம் பசுமலையில் இயங்கித் தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. அக்கால அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தனர். எழுத்துகள் யாவும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். அச்சுக்கோப்பவர் அவற்றை அந்நிலையிலேயே படிக்கப் பழகியிருந்தார்.

எழுத்தைப் பெருக்கிய அந்த முறையே ஓவியத்தையும் பெருக்கியது. மேடாக நிற்கும் பகுதி மையை ஏற்கும். பள்ளமான பகுதி மையை ஏற்காது. இவ்வெளிய உண்மையின்மீதே லினோலிய அச்சோவியம் எழுந்துள்ளது.

தரைவிரிப்பு கலைப்பொருளானது

லினோலியம் முதலில் ஓவியர்க்காக உருவாக்கப்பட்ட பொருளன்று. வண்ணக்குவளையில் எஞ்சிய ஆளிவிதை எண்ணெயின்மேல், காற்றுப் பட்டுத் தோல்போன்ற ஏடு படிவதை இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் வால்டன் கவனித்தார். அவ்வாறு இறுகிய எண்ணெயோடு தக்கைத்தூள் முதலியவற்றைக் கலந்து, முரட்டுத் துணியின்மீது பரப்பித் தரைவிரிப்பு செய்யும் முறையை வகுத்தார். 1863ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆளிச்செடியையும் எண்ணெயையும் குறிக்கும் இலத்தீன் சொற்களை இணைத்து, அதற்கு 'லினோலியம்' எனப் பெயரிட்டார்.

வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் கப்பல்களிலும் கால்பட்டுத் தேய்ந்த இப்பொருளை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர்கள் கையிலெடுத்தனர். மரத்திற்கு இழையோட்டம் உண்டு. இழைக்குக் குறுக்கே உளியைச் செலுத்துவது கடினம். லினோலியத்திற்கு இழையோட்டம் இல்லை. எத்திசையிலும் உளி தடையின்றிச் செல்லும். விலையும் குறைவு. எனவே, பள்ளிக் குழந்தைகளும் இக்கலையைப் பயில முடிந்தது. வியன்னாவில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்த பிரான்ஸ் சிசெக், தம் வகுப்பில் இதனைப் பயன்படுத்தினார். 1920களில் இலண்டனில் இக்கலையைப் பரப்பிய கிளாடு பிளைட், ஓர் அச்சோவியத்தின் விலை திரைப்பட நுழைவுச்சீட்டின் விலையளவே இருத்தல் வேண்டும் என்று கருதினார்.

குழந்தைகள் செய்வது, விலை குறைந்தது என்ற காரணங்களால் இதனைத் தாழ்வாக நோக்கியோரும் இருந்தனர். ஆயினும், அவ்வெளிமையையே சில கலைஞர்கள் இதன் பெருமையாகக் கொண்டனர்.

செதுக்கும் முறை

ஒரு பனைமரத்தை அச்சோவியமாக்க விரும்பும் மாணவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் முதலில் பனையின் அருகே சென்று அமர்ந்து, தாளில் வரைய வேண்டும். ஓலை எங்கே மடிகிறது, மட்டையின் விளிம்பு எவ்வாறு கருக்காக உள்ளது, உதிர்ந்த மட்டைகளின் தழும்பு மரத்தைச் சுற்றி எவ்வாறு வளையமிடுகிறது என்பனவற்றையெல்லாம் கண்டு குறிக்க வேண்டும். வரைந்ததை இடவலம் மாற்றி லினோலியப் பலகையில் படியெடுக்க வேண்டும். இடப்புறம் சாய்ந்த பனை, பலகையில் வலப்புறம் சாய்ந்திருந்தால்தான் தாளில் மீண்டும் இடப்புறம் சாயும்.

அடுத்து, ஒரு முடிவு எடுக்க வேண்டும். வெண்ணிற வானில் கரிய ஓலையா? கரிய வானில் வெண்ணிற ஓலையா? தாளில் வெண்மையாகத் தெரிய வேண்டிய இடங்களையெல்லாம் உளியால் அகற்ற வேண்டும். கருமையாகத் தெரிய வேண்டியவற்றை அப்படியே விட வேண்டும். கூர்முனைச் செதுக்குளியால் மெல்லிய கோடுகளையும், குழிந்த முனையுடைய உளியால் அகன்ற வெளிகளையும் அகழ்வர். பலகை இறுகியிருந்தால் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகும். உளியைத் தன் உடலுக்கு எதிர்ப்புறமாகவே செலுத்துதல் வேண்டும். பலகையைப் பிடித்திருக்கும் கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருத்தல் வேண்டும்.

செதுக்கி முடித்ததும், கண்ணாடித் தட்டில் மையைப் பரப்பி, இரப்பர் உருளையால் உருட்டிப் பலகையில் சீராகத் தடவுவர். அதன்மேல் தாளை வைத்துக் கரண்டியின் புறப்பகுதியால் அழுத்தித் தேய்ப்பர். பின்னர் ஒரு மூலையைப் பிடித்துத் தாளை மெல்ல உரிக்கும்போதுதான் ஓவியம் முழுமையாகத் தோன்றும். இம்முதற்படி பெரும்பாலும் சோதனைப் படியாகவே அமையும். எங்கே இன்னும் அகழ வேண்டும் என்பதை அது காட்டிவிடும்.

வண்ணங்களைக் கருமையாகவும் வெண்மையாகவும் மாற்றிக் காண்பது இக்கலையின் கடினமான பகுதியாகும். கண்மாய்க்கரையில் அமரும் வெண்மார்பு மீன்கொத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் சிறகு நீலம், தலை செம்பழுப்பு, மார்பு வெண்மை. ஒரே கருமையைக் கொண்டு இம்மூன்றையும் வேறுபடுத்த வேண்டும். மார்பை முழுதும் அகழ்ந்துவிடலாம். தலையில் நெருக்கமான நுண்கோடுகளை இடலாம். சிறகில் ஓரிரு கோடுகளை மட்டும் கீறி எஞ்சிய பகுதியைக் கருமையாகவே விடலாம். பறவையை நன்கு பாராதவரால் இவற்றுள் ஒன்றையும் செய்ய இயலாது.

பென்சிலில் தவறிழுத்தால் அழிக்கலாம். வண்ணம் பிழைத்தால் அதன்மேல் வேறு வண்ணம் பூசலாம். லினோலியத்தில் அகழ்ந்த பகுதியை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. எனவே, பலமுறை பார்த்து ஒருமுறை வெட்டுதல் இக்கலையின் அடிப்படை ஒழுக்கமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

• அச்சோவியத்தின் கீழே பென்சிலால் 3/25 என்பதுபோல எழுதப்பட்டிருக்கும். மொத்தம் எடுக்கப்பட்ட 25 படிகளுள் அது 3ஆவது படி என்பது அதன் பொருளாகும்.

• ஒரே பலகையில் சிறிது செதுக்கி ஒரு வண்ணத்திலும், மேலும் செதுக்கி அடுத்த வண்ணத்திலும் அதே தாள்களின்மீது அச்சிடும் முறையும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பாப்லோ பிக்காசோ இம்முறையில் பல ஓவியங்களைப் படைத்தார். வேலை முடியும்போது பலகையின் பெரும்பகுதி அகழப்பட்டிருக்கும். எனவே, முந்தைய நிலைக்குத் திரும்பி மீண்டும் அச்சிட இயலாது.

பாடநூலில் பூத்த ஓவியங்கள்

இந்தியாவில் லினோலிய அச்சோவியத்தைப் பலரும் அறியச் செய்தவருள் முதன்மையானவர் நந்தலால் போஸ் (1882 – 1966). சாந்திநிகேதனின் கலாபவனத்தில் தலைமை ஆசிரியராக விளங்கிய இவரே, இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் படிக்கு ஓவிய அழகு சேர்த்தவர். 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டிக்கு நடந்து சென்றபோது, கையில் கோலூன்றி நடக்கும் அவரது உருவத்தைக் கரிய பின்னணியில் வெண்கோடுகளால் லினோலியத்தில் செதுக்கினார். சில கோடுகளே கொண்ட அவ்வோவியம், உப்பு அறப்போரின் அடையாளங்களுள் ஒன்றாக இன்றும் நிலைத்துள்ளது.

அதே ஆண்டில் அவர் ஆற்றிய மற்றொரு பணி மாணவர்களாகிய உங்களுக்கு மிக நெருக்கமானது. வங்கமொழியைக் கற்கும் குழந்தைகளுக்காக இரவீந்திரநாத் தாகூர் எழுதிய 'சகஜ் பாட்' என்னும் தொடக்கப் பாடநூலுக்கு நந்தலால் லினோலிய அச்சோவியங்களை வரைந்தளித்தார். மரங்கள், விலங்குகள், சிற்றூர் வாழ்க்கைக் காட்சிகள் ஆகியன அந்நூலில் கருமையும் வெண்மையுமாக எழுத்துகளோடு அமர்ந்திருக்கின்றன. புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படைப்பைக் காண அக்குழந்தைகள் கலைக்கூடத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. அது அவர்களுடைய புத்தகத்திலேயே இருந்தது. தலைமுறை தலைமுறையாக வங்கக் குழந்தைகள் அந்நூலை விரித்துப் படித்து வருகின்றனர்.

நந்தலாலுக்குப் பின் வந்தோரும் இவ்வழியில் பயணம் செய்தனர். ஹரேன் தாஸ் (1921 – 1993) வங்கச் சிற்றூர்களின் வயல்களையும் நீர்நிலைகளையும் உழைப்பாளர்களையும் மரச்செதுக்கிலும் லினோலியத்திலும் பதிவு செய்தார். வங்கப் பஞ்சத்தின் துயரை வரைந்த சித்தபிரசாத் (1915 – 1978), குழந்தைத் தொழிலாளரின் வாழ்க்கையை லினோலியத்தில் செதுக்கினார்.

ஓரடி ஒரு டாலர்

இயற்கையைச் செதுக்கிய மற்றொரு கலைஞர் கடல் கடந்த நாட்டைச் சேர்ந்தவர். வால்டர் ஆண்டர்சன் (1903 – 1965) என்னும் அவர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஓஷன் ஸ்பிரிங்ஸ் என்னும் கடற்கரைச் சிற்றூரில் வாழ்ந்தார். அவருடைய குடும்பத்தினர் மட்பாண்டக் கூடம் நடத்தினர். அங்குக் கலங்களுக்கு வண்ணம் தீட்டியே அவர் பொருளீட்டினார். இடையில் கடும் உளநோய்க்கு ஆளாகி, மருத்துவமனைகளில் நெடுநாள் தங்கி மீண்டார்.

இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற காலத்தில், போர்க்கப்பல்களின் தளத்தில் விரிப்பதற்கான கெட்டியான லினோலியம் மலிவாகக் கிடைத்தது. ஆண்டர்சன் அதனை வாங்கிச் செதுக்கத் தொடங்கினார். கடற்பறவைகள், பூனைகள், செடிகொடிகள், குழந்தைக் கதைகளின் காட்சிகள் எனப் பலவற்றை ஆளுயரப் பலகைகளில் வடித்தார். சுவரில் ஒட்டும் அலங்காரத்தாளின் பின்புறத்தையே அச்சிடும் தாளாகப் பயன்படுத்தினார். அவ்வாறு எடுத்த நீண்ட ஓவியங்களை ஓரடிக்கு ஒரு டாலர் என்னும் விலையில் விற்றார். நல்ல ஓவியம் செல்வர் இல்லச் சுவரோடு நின்றுவிடாமல் எளியோர் இல்லத்திலும் தொங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1949ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய லினோலிய அச்சோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

பின்னாளில் அவர் சிறு படகில் தாமே துடுப்பு வலித்துக் கரையிலிருந்து பல கல் தொலைவிலுள்ள ஹார்ன் தீவுக்கு அடிக்கடி சென்றார். அத்தீவின் மணலில் தங்கிக் கூழைக்கடாக்களையும் நண்டுகளையும் வரைந்தார். 1965இல் பெரும்புயல் வீசியபோதும் அத்தீவிலேயே இருந்தார். அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார். அவர் பூட்டிவைத்திருந்த அறையைக் குடும்பத்தினர் திறந்து பார்த்தபோது, சுவர் முழுவதும் விடியல் முதல் இரவு வரையிலான இயற்கைக் காட்சிகள் தீட்டப்பட்டிருந்தன. இன்று அவ்வறை, அவர் பெயரால் அவ்வூரில் அமைந்த அருங்காட்சியகத்தின் பகுதியாக உள்ளது.

நந்தலாலும் ஆண்டர்சனும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். மொழி, நாடு, வாழ்க்கைச் சூழல் அனைத்தும் வேறு. எனினும் இருவரும் தம் கண்முன் இருந்த மரத்தையும் பறவையையும் செதுக்கினர். எளிய பொருளைக் கொண்டு பலரைச் சென்றடைந்தனர். இயற்கை எல்லார்க்கும் பொது. அதனைப் பாடும் கலையும் எல்லார்க்கும் உரியதாதல் வேண்டும் என்பதை அவர்தம் பணி உணர்த்துகிறது.

காட்சிக்கூடத்தில் காண வேண்டியவை

அச்சோவியக் காட்சியொன்றுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால் விரைந்து கடந்துவிடாதீர்கள். முதலில் சில அடி தள்ளிநின்று, ஓவியத்தில் கருமை மிகுந்துள்ளதா, வெண்மை மிகுந்துள்ளதா எனப் பாருங்கள். பின்னர் நெருங்கிச் சென்று கோடுகளின் போக்கைப் பின்தொடருங்கள். நீரைக் காட்டக் கிடைமட்டக் கோடுகளும், புல்லைக் காட்டக் குறுங்கீறல்களும், பாறையைக் காட்ட உடைந்த கோடுகளும் பயன்பட்டிருக்கும். வெண்வெளியில் ஆங்காங்கே சிதறிய கருங்கோடுகள், அகழ்ந்த பள்ளத்தில் எஞ்சிய மேடுகளின் தடமாகும். சில கலைஞர் அவற்றை நீக்கிவிடுவர். சிலர் உளியின் சான்றாக விட்டுவைப்பர். ஒரே ஓவியத்தின் இரு படிகள் அருகருகே இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். மை தடவிய கையின் வேறுபாட்டை அவை காட்டும்.

நம் ஊரில் இதற்கு உறவான கலையொன்றும் உண்டு. மதுரைப் பகுதியின் சுங்குடிச் சேலைகளில் முடிச்சிட்ட இடங்களில் சாயம் ஏறாமல் வெண்புள்ளிகள் மலரும். இக்காலத்தில் அச்சுக்கட்டையால் மெழுகை ஒற்றிச் சாயமேற்றும் முறையும் வழக்கில் உள்ளது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிப்பதில்லை. எதை விட்டுவைப்பது என்று முன்கூட்டியே எண்ணுவதில் சுங்குடிக் கலைஞரும் அச்சோவியரும் ஒத்த நெஞ்சினர்.

மீண்டும் பசுமலை

பசுமலைக்கு மேற்கே, நாகமலையை அடுத்துள்ள கீழக்குயில்குடியில் சமணர்மலை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதன் பாறைகளில் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றன. மலையடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும் உள்ளன. அரிட்டாபட்டி, மாங்குளம் முதலிய மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் குகைத்தளங்களில் தமிழி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. இம்மண்ணில் உளி மிகப் பழையது. அன்று உளி பிடித்தோர், பாறையில் வேண்டிய இடத்தை மட்டும் தொட்டு, மலையை மலையாகவே விட்டுச் சென்றனர்.

பிற்காலத்தில் மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் சில, கல்லுக்காக வெட்டப்பட்டு உருவிழந்தன. கண்மாய்கள் சில மேடாயின. லினோலியத்தில் அகழ்ந்ததை ஒட்டவைக்க இயலாது என முன்னர்க் கண்டோம். அங்கே இழப்பது ஒரு சிறு பலகை, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். குன்றுக்கு மாற்றுக் குன்று எங்கே வாங்குவது? வெட்டும்முன் பார்க்க வேண்டும் என்னும் அச்சோவியரின் ஒழுக்கம், ஊருக்கும் நாட்டிற்கும் உரிய ஒழுக்கமாதல் வேண்டும்.

தம்மைச் சுற்றியுள்ள மரத்தின் பெயரையும் பறவையின் குரலையும் அறியாதவர், அவை மறைவதையும் அறியார். ஒரு பனையை அரைநாள் அமர்ந்து வரைந்தவர், ஓராண்டு கழித்து அவ்விடத்தில் அது இல்லையெனில் உடனே உணர்வார். மையும் தாளும் சிறு லினோலியத் துண்டும் இருந்தால், ஒரு வகுப்பறையே காட்சிக்கூடமாகிவிடும். மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள ஒரு மரத்தையோ பறவையையோ செதுக்கிப் பத்துப்படி எடுத்தால், நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் நானூறு ஓவியங்கள் பிறக்கும். அவை நானூறு வீடுகளுக்குச் செல்லும். பாட்டியொருவர் அதனைப் பார்த்து, "இந்தப் புளியமரம் நம் ஊர்க் கண்மாய்க்கரையில் நிற்பதுதானே?" என்று கேட்பாரானால், அச்சோவியம் தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சிற்றூர்களை உள்ளடக்கிய 193.215 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகளும் நீர்நிலைகளும் சூழ்ந்த அப்பகுதியில் ஏறத்தாழ 250 பறவையினங்கள் காணப்படுகின்றன. வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகளுக்கும் அது வாழிடமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள மரம் ஒன்றை அரைமணி நேரம் உற்றுநோக்கி, நீங்கள் முன்பு கவனிக்காத ஐந்து கூறுகளை எழுதுக.

2. லினோலியம் கிடைக்காவிடில் உருளைக்கிழங்கையோ பழைய இரப்பர்த் துண்டையோ செதுக்கி ஓர் இலையின் வடிவத்தை அச்சிட்டு வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. உங்கள் பகுதியில் மறைந்துபோன நீர்நிலை, மரம் அல்லது பறவை குறித்து மூத்தோரிடம் கேட்டறிந்து தொகுக்க.

இலக்கணக்குறிப்பு

கருங்கோடுகள் – பண்புத்தொகை
செதுக்குளி – வினைத்தொகை
மரத்தையும் பறவையையும் – எண்ணும்மை
சிதறிய – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

செதுக்கினர் – செதுக்கு + இன் + அர்
செதுக்கு – பகுதி
இன் – இறந்தகால இடைநிலை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

பயிற்சி

பலவுள் தெரிக

1. 'சகஜ் பாட்' நூலுக்கு அச்சோவியங்களை வரைந்தவர்
அ) ஹரேன் தாஸ் ஆ) நந்தலால் போஸ் இ) சித்தபிரசாத் ஈ) இரவீந்திரநாத் தாகூர்

2. லினோலிய அச்சோவியத்தில் அகழப்பட்ட பகுதி தாளில்
அ) கருமையாகத் தெரியும் ஆ) மங்கலாகத் தெரியும் இ) தாளின் நிறத்திலேயே தெரியும் ஈ) இடவலம் மாறாமல் தெரியும்

குறுவினா

1. மரத்தைவிட லினோலியத்தில் செதுக்குவது எளிதாவது ஏன்?
2. அச்சோவியத்தின் கீழே எழுதப்படும் 3/25 என்பதன் பொருள் யாது?

சிறுவினா

1. வெண்மார்பு மீன்கொத்தியை ஒரே கருமையில் காட்டும் முறையை விளக்குக.
2. வால்டர் ஆண்டர்சன் ஓவியத்தை ஓரடி ஒரு டாலருக்கு விற்றதன் நோக்கத்தை எழுதுக.

நெடுவினா

'பலமுறை பார்த்து ஒருமுறை வெட்டுதல்' என்னும் அச்சோவிய ஒழுக்கம் இயற்கைப் பாதுகாப்புக்கும் பொருந்துமாற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.